மலையேற்றத்தில் இழுவைக்குப் பயன்படும் டீசல் பிக்கப்: தனி மீட்டர்கள் பொருத்துவதா, டிஜிட்டல் மானிட்டர் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த டர்போ டீசல் பிக்கப். காமன் ரெயில் (உயர் அழுத்தப் பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் பெறும்) என்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்டது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வருவதற்கு முந்தைய வகை. பெரும்பாலான நாட்களில் சுமையின்றி ஓடும் இவ்வண்டி, மாதத்தில் இரண்டு மூன்று முறை ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள டிரெய்லரை நீண்ட மலை ஏற்றத்தில் இழுத்துச் செல்கிறது. டாஷ்போர்டில் வேகம், என்ஜின் சுழற்சி, எரிபொருள் அளவு, கூலன்ட் வெப்பநிலை ஆகிய நான்கைத் தவிர வேறு மீட்டர் இல்லை.

சென்ற மாதம் அத்தகைய ஓர் ஏற்றத்தில், கூலன்ட் முள் வழக்கம்போல் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே, கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, பார்க்கிங் நிலையில் என்ஜினைச் சற்றே கூடுதல் சுழற்சியில் ஓடவிட்டேன். சில நிமிடங்களில் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் மறுநாள் கியர் ஆயிலை எடுத்துப் பார்த்தபோது அது சிவப்பு நிறம் இழந்து, கருகிய வாடையுடன் இருந்தது. ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றிவிட்டேன் என்றாலும், அந்த விளக்கு எரிவதற்கு முன்னர் எத்தனை பயணங்களில் ஆயில் இப்படி வெந்துகொண்டிருந்தது என்பதை அறிய எனக்கு வழியே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே கூடுதல் மீட்டர்கள் பொருத்தத் தீர்மானித்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் (புகை வாயு) வெப்பநிலை, டர்போ பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்), கியர்பாக்ஸ் வெப்பநிலை ஆகியவற்றுக்கு மூன்று தனித்தனி முள் மீட்டர்களை வாங்கிக் கண்ணாடி ஓரத் தூணில் பொருத்துவது ஒரு வழி. ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியிலிருந்து தகவல் எடுக்கும் செருகிடத்தில்) செருகி எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மானிட்டரை வாங்குவது இன்னொரு வழி. முதல் வழியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகை வாயுவைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாயை) துளையிட வேண்டும் என்கிறார்கள். அதற்கு எனக்கு அச்சமாக இருக்கிறது. இரண்டாம் வழியில் திரையில் தெரியும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியவில்லை. இரண்டையும் பயன்படுத்தியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முள்ளா திரையா என்பது இரண்டாவது கேள்வி. உங்களுக்குத் தேவையான அளவை எடுக்கும் சென்சார் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மானிட்டர் எதையும் தானாக அளப்பதில்லை. என்ஜின் கணினிக்கும் கியர்பாக்ஸ் கணினிக்கும் என்ன தெரியுமோ அதைக் கேட்டு வாங்கித் திரையில் போடுகிறது, அவ்வளவே.

உங்கள் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததிலிருந்தே கியர்பாக்ஸில் வெப்ப சென்சார் இருப்பது உறுதியாகிறது. ஆகவே அதற்கென்று இன்னொரு சென்சாரை வாங்கி ஆயில் தட்டைத் துளையிட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை, ஓபிடி தரநிலையின் பொதுவான பட்டியலில் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி கிடைக்கும் அளவன்று. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தமக்கெனத் தனிக் குறியீட்டில் வைத்திருக்கிறார்கள். எந்த வண்டியிலும் வேலை செய்யும் என்று விற்கப்படும் மலிவான திரைகளில் பல, கூலன்ட் வெப்பநிலையும் சுழற்சியும் காட்டிவிட்டு இந்த இடத்தில் வெறும் கோட்டைக் காட்டும். உங்கள் வண்டியின் மாடலையும் ஆண்டையும் குறிப்பிட்டு, கியர்பாக்ஸ் வெப்பநிலை வரும் என்று எழுத்தில் உறுதி தரும் மானிட்டரை மட்டுமே வாங்குங்கள்.

பூஸ்டைப் பொறுத்தவரை ஒரு மறைபொறி இருக்கிறது. தரநிலையில் உள்ள, காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டின் அழுத்த அளவு ஒரே ஒரு பைட்டில் அனுப்பப்படுகிறது. எனவே அது 255 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறவே முடியாது. அதுவும் முழு அழுத்தம், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தையும் சேர்த்த எண். கடல்மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கலைக் கழித்தால் எஞ்சுவது 154, அதாவது 22 பிஎஸ்ஐ. இழுவையில் 25 அல்லது 30 பிஎஸ்ஐ எட்டும் டீசல் என்ஜினில், அந்தத் திரை 22இல் போய் முட்டி நின்றுவிடும். பார்ப்பவர் டர்போ சோர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார். இங்கும் உற்பத்தியாளரின் தனிக் குறியீட்டைப் படிக்கும் மானிட்டர்தான் சரியான எண்ணைத் தரும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் மலை ஏறுகிறவர். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல்தான். மானிட்டர் அங்கும் 101ஐயே கழித்துக்கொண்டிருந்தால் பூஸ்ட் 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: மேலே போய் நின்றபின் என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். அப்போது மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதால் பூஸ்ட் சுழியமாக இருக்க வேண்டும். எதிர்மறை எண் தெரிந்தால் கழித்தலில் பிழை இருக்கிறது என்று பொருள்.

மானிட்டரின் உண்மையான பலம், இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிவதில் இருக்கிறது. 2003 முதல் 2007 வரை ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் என்ஜினை ஓட்டுகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். அதன் ஆயில் கூலர் உள்ளே அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. சீரான வேகத்தில் என்ஜின் ஆயில் வெப்பநிலைக்கும் கூலன்ட் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு 15 ஃபாரன்ஹீட் டிகிரியை, அதாவது ஏறத்தாழ 8 செல்சியஸ் டிகிரியைத் தாண்டினால் கூலர் அடைபடுகிறது என்று அவர்கள் கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனியே பார்த்தால் ஆபத்தற்ற எண்களாகவே தோன்றும்; வேறுபாட்டில்தான் செய்தி இருக்கிறது.

உங்கள் கூலன்ட் முள் நடுவிலேயே நின்றதிலும் வியப்பில்லை. பல வண்டிகளில் அந்த முள் ஓட்டுநரைப் பதற வைக்கக் கூடாது என்பதற்காக, ஓர் அகன்ற வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மானிட்டரில் உண்மை எண்ணைப் பார்த்தால் ஏற்றத்தில் அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது புரியும்.

எக்ஸாஸ்ட் வெப்பநிலை மட்டும் வேறு கதை. துகள் வடிகட்டி கொண்ட பிற்கால வண்டிகளில் எக்ஸாஸ்ட் குழாயில் பல வெப்ப சென்சார்கள் உண்டு. வடிகட்டி இல்லாத உங்கள் வண்டியில் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. சில மானிட்டர்கள் எரிபொருள் அளவையும் காற்றளவையும் வைத்துக் கணித்த எண்ணைக் காட்டும். அது அளவீடு அன்று, ஊகம். இந்த ஒன்றுக்கு மட்டும் நீங்கள் துளையிட்டே ஆக வேண்டும்.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் சொல்லப்பட்டவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். துளையிடும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன். இதுவரை ஐந்து வண்டிகளில் செய்திருக்கிறேன், அச்சம் நியாயமானது, ஆனால் வேலை கடினமானது அன்று.

எக்ஸாஸ்ட் வெப்பநிலையை ஏன் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். டீசலில் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் போனால் வெப்பம் ஏறுகிறது. ஏற்றத்தில் உயர் கியரில், குறைந்த சுழற்சியில், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துச் செல்லும்போது நடப்பது அதுதான். டர்போவுக்கு முன் அளந்தால், தொடர்ந்த இழுவையில் 1250 முதல் 1300 ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறத்தாழ 680 முதல் 700 செல்சியஸ் வரை என்பதை உச்ச எல்லையாக டீசல் பிக்கப் ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகும்போது 700 எப்படிப் பொறுக்கும் என்று கேட்கத் தோன்றும். பிஸ்டனை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் காற்றும், அடியிலிருந்து பீய்ச்சப்படும் ஆயிலும் குளிர்விக்கின்றன. வாயுவின் வெப்பம் முழுவதும் உலோகத்துக்குப் போவதில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதால்தான் முள்ளைப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது. முள் ஏறும்போது செய்ய வேண்டியது எளிது: ஒரு கியர் இறக்கி, சுழற்சியைக் கூட்டி, மிதியைத் தளர்த்த வேண்டும். காற்று கூடும், முள் சில நொடிகளில் இறங்கும்.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, நல்ல டிரில் பிட் அதை வெண்ணெய்போல் சீவும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பல சிலிண்டர்களின் வாயுவும் ஒன்றுசேர்ந்து டர்போவுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பாக, போல்ட்டுகளும் வெப்பத் தகடும் குறுக்கிடாத இடமாகப் பாருங்கள். ஆறு சிலிண்டர் என்ஜின்கள் சிலவற்றில் மேனிஃபோல்டு உள்ளே இரண்டு பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் ஒரு பக்கத்தின் மூன்று சிலிண்டர்களை மட்டுமே அளக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துகள்களைப் பற்றித்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள், அஞ்சவும் வேண்டும். டர்போவின் டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதன் இதழில் ஓர் இரும்புச் சீவல் மோதினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டர்போவைக் கழற்றி வைத்துவிட்டுத் துளையிடுவதே என் விருப்பம். பழைய வண்டியில் டர்போவைப் பிணைக்கும் ஸ்டட்டுகள் (மரைத் தண்டுகள்) துருப்பிடித்து முறியும் நிலையில் இருந்தால், அவற்றைத் தொடாமல், பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் கெட்டியான கிரீஸைப் பூசி, சில சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் பூசிச் செல்லலாம். பிட் மறுபக்கம் வெளிவரப்போகும் கடைசி மில்லிமீட்டரில்தான் சீவல்கள் உள்ளே விழும். அங்கே மிக மெதுவாகச் செல்லுங்கள். முடிந்தபின் மெல்லிய காந்தக் கம்பியாலும், வாக்குவம் கிளீனரின் முனையில் கட்டிய சிறு குழாயாலும் உள்ளே துழாவி எடுங்கள். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டபடியே துளையிட்டால் வாயு சீவல்களை வெளியே தள்ளிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். சூடான வாயுவும் இரும்புத் துகளும் முகத்தை நோக்கி வரும் அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாயுவுக்குள் நீட்டி வெப்பத்தை அளக்கும் புரோப்களில் பெரும்பாலானவற்றுக்கு 1/8 அங்குலக் கூம்பு மரை தேவைப்படும். அதற்குத் துளை ஏறத்தாழ 8.6 மில்லிமீட்டர். கூம்பு என்பதால் டேப்பை முழுவதும் உள்ளே செலுத்திவிடக் கூடாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் பொருத்தும் துண்டைக் கையால் திருகிப் பாருங்கள், சில மரைகள் வெளியே இருக்கும்போதே நிறுத்துங்கள். மரையில் வெப்பம் தாங்கும் நிக்கல் கலந்த பசை பூசலாம். டெஃப்லான் நாடா இந்த வெப்பத்தில் நிற்காது. புரோப்பின் நுனி வாயு ஓட்டத்தின் நடுவில் நிற்கட்டும்.

ஒயரிங்கில் பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த மீட்டர்களில் பயன்படுவது கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பத்தை மின்னழுத்தமாகத் தரும் சென்சார். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தரும் மெல்லிய சைகை அது. அதன் ஒயர் சாதாரணச் செம்பு ஒயர் அன்று. நீளம் போதவில்லை என்று என்ஜின் அறையிலேயே வெட்டிச் செம்பு ஒயரால் நீட்டினால், இணைத்த இடம் 90 டிகிரியிலும் மீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரியிலும் இருக்கும்போது, மீட்டர் 60 டிகிரி குறைத்துக் காட்டும். அதே கே வகை ஒயரால் மட்டுமே நீட்ட வேண்டும். அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றால் நேர்முனை என்ற பழக்கத்தில் மாற்றி இணைத்துவிடாதீர்கள். பன்னாட்டு முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏற முள் கீழே இறங்கும்.

மறுமொழி 3

மேனிஃபோல்டில் துளையிடுவதுதான் ஒரே வழி என்று நண்பர் எழுதியிருப்பதில் எனக்குச் சிறிய கருத்து வேறுபாடு உண்டு. டர்போவுக்குப் பின்னால், கீழே இறங்கும் குழாயில் பொருத்தினால் சீவலும் உள்ளே போகாது, என்றாவது புரோப்பின் நுனி முறிந்தாலும் அது டர்பைனில் மோதாமல் வெளியேறிவிடும். நான் பத்தாண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். என் எல்லையை 540 டிகிரி என்று குறித்துக்கொண்டு ஓட்டுகிறேன். இதுவரை எந்தக் கேடும் இல்லை. என்ஜினை அணைப்பதற்கு முன் டர்போ ஆறிவிட்டதா என்று பார்ப்பதற்கும் அந்த இடமே பொருத்தமானது. 150 டிகிரி அளவுக்கு இறங்கும்வரை ஐடிலில் விட்டுவிட்டு அணைத்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிப் படிவதில்லை.

மறுமொழி 2

புரோப் முறிவதைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆகவேதான் துருப்பிடிக்காத உறை கொண்ட புரோப்பை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆனால் டர்போவுக்குப் பின்னால் அளப்பதில் எனக்கு இருக்கும் தயக்கம், வேறுபாடு நிலையானதன்று என்பதால். டர்பைன் வாயுவிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்வதால்தான் வெப்பம் குறைகிறது. ஐடிலில் எடுப்பது மிகக் குறைவு, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வெப்பம். முழுச் சுமையில் 100 முதல் 150 டிகிரி வரையிலும், சில வேளை அதற்கு மேலும் குறைகிறது. அதாவது எச்சரிக்கை மிகத் தேவைப்படும் வேளையில்தான் அந்த மீட்டர் மிக அதிகமாகக் குறைத்துச் சொல்கிறது. நீங்கள் உங்கள் வண்டியைப் பத்தாண்டுகளாக அறிந்தவர். 540 என்ற எண்ணுக்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அந்த எண்ணை எங்கிருந்து பெறுவார்?

மறுமொழி 4

மின் இணைப்பைப் பற்றி யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன். ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் முனையில் சாவி இல்லாமலேயே எப்போதும் மின்சாரம் இருக்கும். தானாக உறங்காத மானிட்டர் 50 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. வண்டி நெடுநாள் நிற்குமானால் அது பேட்டரியின் கணிசமான பகுதி. வாங்குமுன் கேளுங்கள், அல்லது நிற்கும்போது பிடுங்கிவிடுங்கள்.

முள் மீட்டருக்கு, சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர்பெறும் ஃபியூஸிலிருந்து தனிச் சிறு ஃபியூஸ் வைத்து எடுங்கள். என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கண்ணாடி ஓரத் தூணில் பொருத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூணுக்குள் பக்கத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும் வண்டியானால் அங்கே எதையும் பொருத்தாதீர்கள். விரியும்போது மீட்டர் உங்கள் முகத்தை நோக்கி வரும். ஸ்டியரிங் தண்டின் மேலோ டாஷ்போர்டின் மேலோ இடம் பாருங்கள். பொருத்தும்போது மீட்டரைச் சற்றுச் சுழற்றி, வழக்கமான ஓட்டத்தில் முள் நேர் மேலே நிற்கும்படி வைத்தால், எண்ணைப் படிக்காமலேயே முள் சாய்ந்திருப்பது கடைக்கண்ணில் தெரியும்.

எரிபொருள் அழுத்த மீட்டரும் பிறகு வேண்டும் என்று தோன்றினால் ஓர் எச்சரிக்கை. டேங்கிலிருந்து வரும் குறை அழுத்தப் பக்கத்தில் மட்டும் மின் சென்சார் பொருத்துங்கள். டீசல் செல்லும் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். காமன் ரெயில் பக்கத்தில் 1600 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கக்கூடும். அங்கிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். ரெயில் அழுத்தத்தைக் கணினி வழியாக மானிட்டரில் பார்த்துக்கொண்டால் போதும். குறை அழுத்தப் பக்கத்தின் மதிப்பை 1998 முதல் 2002 வரையிலான 5.9 லிட்டர் கம்மின்ஸ் பிக்கப் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்ப் சோர்ந்து அழுத்தம் குறைந்தால், விலையுயர்ந்த விபி44 இன்ஜெக்ஷன் பம்ப் கெட்டுப்போகும் என்பதால், அந்த ஒரு மீட்டருக்கே அவர்கள் முதலிடம் தருகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என் மாடலுக்குக் கியர்பாக்ஸ் குறியீடு உண்டு என்று எழுத்தில் உறுதி பெற்ற மானிட்டரை வாங்கி, டாஷ்போர்டின் மேல் பொருத்தி, நேற்று அதே டிரெய்லருடன் அதே ஏற்றத்தில் சென்று வந்தேன். சமதளத்தில் 84 டிகிரியில் நின்ற கியர்பாக்ஸ் ஆயில், ஏற்றம் தொடங்கிய ஆறு நிமிடங்களில் 113க்கு ஏறியது; கூலன்ட் முள் அசையவே இல்லை, ஆனால் திரையில் கூலன்ட் எண் 88இலிருந்து 101க்குப் போயிருந்தது. அந்த வேகத்தில் டார்க் கன்வர்ட்டரின் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகத்தின்) லாக்கப் கிளட்ச், இரண்டையும் நேரடியாகப் பிணைப்பது, நிலையாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிப்பதையும் சுழற்சி எண்ணிலிருந்து முதன்முறையாகக் கண்டுகொண்டேன். கையால் ஒரு கியர் இறக்கியதும் லாக்கப் பிடித்து நின்றது, வெப்பநிலை 104க்கு இறங்கி அங்கேயே இருந்தது. இத்தனை ஆண்டுகள் உயர் கியரில் மெதுவாக இழுப்பதுதான் வண்டிக்கு இதம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் என்ஜினை அணைத்துச் சாவியை ஆன் செய்து பார்த்தபோது பூஸ்ட் எதிர்மறையாக 2 பிஎஸ்ஐ காட்டியது. அமைப்புகளில் தேடியதில் காற்றழுத்தத்தை வண்டியின் சென்சாரிலிருந்தே எடுத்துக்கொள்ளும் தேர்வு இருந்தது. அதை மாற்றியதும் சுழியத்துக்கு வந்துவிட்டது.

எக்ஸாஸ்ட் மீட்டருக்கு மேனிஃபோல்டிலேயே துளையிடத் தீர்மானித்துவிட்டேன். டர்போவின் ஸ்டட்டுகளுக்கு இன்று முதல் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவருகிறேன். ஒரு வாரம் கழித்து அவை அசைந்தால் டர்போவைக் கழற்றிவிட்டுத்தான் பிட்டை எடுப்பேன். அசையாவிட்டால் கிரீஸ் முறையைப் பற்றி மீண்டும் இங்கே வந்து கேட்கிறேன்.